சர்வேயர் நுழைந்த முடுக்கு

கடலைப் பார்க்க வந்த சிவசைலத்துக்கு முதலில் அகப்பட்டது நிழல்தான். காயல்பட்டினம் ஸ்டேஷனில் இறங்கியதும், "கடற்கரைக்குத்தானே சார், ஏறுங்க" என்ற ஆட்டோக்காரரிடம் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தார். நடந்தால்தானே போன கணக்கு. ஆட்டோவில் ஏறி, கடலுக்கு எதிரே இறங்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே ஆட்டோவில் திரும்பினால் அதைப் பொட்டலம் போய்வந்தது என்று சொல்லலாம், மனுஷன் போய்வந்தான் என்று சொல்ல முடியாது. வீட்டில் மனைவி வடிவும் அப்படித்தான் சொல்வாள், இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம் என்பாள். ஆகவே வீறாப்பாக நடந்தார். வெயில் என்றால் கடலோரத்து வெயில். மேலேயிருந்தும் அடிக்கும், மணலிலிருந்தும் அடிக்கும், நடுவில் மனுஷன் அப்பளம். தெருவுக்குத் தெரு பள்ளிவாசல் மினாரா தெரிந்தது, கடல் தெரியவில்லை. உப்புக் காற்று மட்டும் இந்தா, இந்தா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே அந்தச் சந்து. உள்ளே குளுகுளுவென்று நிழல். கிழக்கே போகிற சந்து, கிழக்கேதான் கடல். ஆயுசில் பாதியை நில அளவையில் கழித்தவர் கண்ணுக்கு அது வேறொன்றாகவும் தெரியவில்லை. பொதுப்பாதை. புலப்படத்தில் இரண்டு கோடு போட்டு நடுவே எதுவும் எழுதாமல் விட்டிருப்பார்கள். கேட் இல்லை, போர்டு இல்லை, நாய் இல்லை. பொதுப்பாதையில் நடக்க யாரைக் கேட்க வேண்டும்? நுழைந்துவிட்டார்.

குதிரைகள் இந்த வழியாகப் போயிருக்குமா? இருக்காது, குதிரை திரும்ப முடியாத அகலம். ஆனாலும் நினைக்க நன்றாக இருந்தது. அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகப் பாண்டிய ராஜாவுக்கு வந்த குதிரைகள்; இறக்கிய கையோடு தீனி தெரியாமல் என்னத்தையோ போட்டுச் சாகடித்தார்களாம், எங்கோ படித்திருக்கிறார். முத்து போயிருக்கிறது, பட்டு வந்திருக்கிறது, என்னென்னவோ பாஷை பேசுகிறவனெல்லாம் கரையேறியிருக்கிறான். கரையேறினவன் எல்லாருமா சுகமாக இருந்திருப்பான். காய்ச்சலோடு வந்திருப்பான், தண்ணீர் மாறி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பான், அவனை யார் பார்த்தது? ராஜா எத்தனை குதிரை வாங்கினான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுத்தது யார் என்று ஒருத்தரும் எழுதவில்லை. வேலையில் இருந்தவரை அம்பாசமுத்திரம் பக்கமே காலம் போய்விட்டது; வயல், வாய்க்கால், வரப்புத் தகராறு. ரிட்டையர் ஆனதும் இந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தார். அதற்குள் பாளை மார்க்கெட்டில் அந்தக் கூத்து. வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வெண்டைக்காய் மேலேயே சாய்ந்துவிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டது என்றார்கள். ஏறினால்தானே வியாதி, இறங்கினால் நல்லதுதானே என்று இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டதற்கு வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்தது, எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறாள். முடிவெட்டப் போனால் சலூன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கே மூட்டுவலி, அதையும் இழுத்துக்கொண்டு வருகிறாள். தெருவில் ஒருத்தன், "சார் போற எடத்துக்கெல்லாம் பாடிகார்டு" என்று சிரித்தான். நேற்று வெடித்துவிட்டது. "ஒரே ஒரு நாள் தனியாப் போயிட்டு முழுசா வாரேன். வந்துட்டா அப்புறம் நீ எம்பின்னால வரக்கூடாது. வழியில ஏதாவது ஆச்சுன்னா, அதோட சரி, இனி நீ இல்லாம வாசப்படி தாண்டமாட்டேன்" என்றார். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. "சரி, போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். பந்தயம் பந்தயம்தான்.

காலையில் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று தட்டிலிருந்த இட்லியில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ஊசி போட்டது முழுத் தட்டுக்கு, உள்ளே போனது அரைத் தட்டு. இந்தக் கணக்கு ஏன் இப்போது ஞாபகம் வருகிறது? ஒன்றுமில்லை. நிழல் இருக்கிறது, காற்று இருக்கிறது. சந்து ஒரு வளைவு வளைந்தது. வளைவு வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் வாசல்கள் எதிரும் புதிருமாகத் திறந்து கிடந்தன. முன்வாசல் மாதிரியும் இல்லை, கொல்லைவாசல் மாதிரியும் இல்லை. ஒரு வாசலிலிருந்து நீண்ட கிண்ணத்தை எதிர்வாசலில் நீண்ட கை வாங்கிக்கொண்டது. எங்கோ வெங்காயம் வதங்கியது, எங்கோ மிக்ஸி ஓடியது, எங்கோ நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். எல்லாம் பெண்குரல். ஓர் ஆண் செருப்பு கண்ணில் படவில்லை. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு ஒரு பெண் வாசலுக்கு வந்தாள், இவரைப் பார்த்தாள், "உம்மா, ஆம்புளையாளு!" என்று உள்ளே பாய்ந்தாள். அந்தக் கதவு சாத்திக்கொண்டது. பக்கத்துக் கதவு. எதிர்க் கதவு. படபடவென்று சந்து முழுக்கச் சாத்திக்கொண்டே போனது. அப்போதுதான், அப்போது பார்த்துத்தான், ஆபீசில் இந்த ஊர்க்காரர் காஜா முகைதீன் டீ குடித்தபடி எந்தக் காலத்திலோ சொன்னது நினைவுக்கு வந்தது: எங்க ஊர்ல பொம்பளையளுக்குன்னு தனி முடுக்கு உண்டு சார், தெருவுக்கே வராம வீட்டுக்கு வீடு போய்க்கிடலாம், ஆம்பளை நுழைய மாட்டான், நான் பொறந்து வளர்ந்த ஊரு, நானே நுழைஞ்சதில்ல. ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். எத்தனை பேருக்கு இது உன் எல்லை, இது அவன் எல்லை என்று கல் நட்டுக் கொடுத்தவர், கல் நடாத ஓர் எல்லைக்குள் செருப்புக்காலோடு வந்து நிற்கிறார்.

திரும்பு. திரும்பிவிடு. திரும்பினார், ஆனால் வந்த வழி ஒன்றாக இருந்ததா, இப்போது இரண்டாக இருக்கிறது. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சுவர். இந்தப் பச்சைக் கதவைப் பார்த்தோமா? உதடு மரத்திருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தார், யாருடைய உதடோ. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு நிழலில் ஏன் இப்படி வேர்க்கிறது? மார்க்கெட்டிலும் இப்படித்தான், முதலில் வேர்வை, அப்புறம் கை நடுக்கம், அப்புறம் வெண்டைக்காய் எல்லாம் தூரமாகப் போயிற்று. வேண்டாம். இங்கே வேண்டாம். சாமி, தெருவில் விழுகிறேன், கடலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், இங்கே வேண்டாம். தன் வீட்டுத் தெருப் பெயரை நினைத்துப் பார்த்தார், தெரிந்தால் மூளை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளையார் கோவில், அதைத் தாண்டி, தாண்டி. தெருவுக்குப் பெயரே இல்லை. கால் இரண்டும் தாமாக மடங்கி ஒரு கதவுப்படியில் உட்கார்த்திவிட்டன. இங்கே செத்தால் எப்படித் தூக்குவார்கள்? ஆம்பிளை உள்ளே வரக் கூடாது, பொம்பிளை தொட்டுத் தூக்க முடியாது, நடுவில் பிணம் யோசித்துக்கொண்டு கிடக்கும். சிரிப்பு வந்தது, சிரிக்க வாய் வரவில்லை. சிரிப்புக்குப் பின்னாலேயே பயம் வந்தது. வடிவுக்கு யார் சொல்வார்கள்? பொம்பளைகள் சந்துக்குள் போய்ச் செத்தார் என்றா சொல்வார்கள்? அவள் மூட்டுவலியோடு வந்து எந்தத் தெருவில் நின்று யாரைக் கேட்பாள்? முழுசா வாரேன் என்றேனே. சரி போயிட்டு வாங்க என்றாளே.

"யாரது வாசல்ல? இது பொம்புளையோ முடுக்குல்லா, ஆம்புளையாளுக்கு வழி இல்லை." கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நடுவயதைத் தாண்டிய குரல், கோபமும் பயமும் சரிபாதி. மன்னிச்சிருங்க தாயி, வழி தெரியாம வந்துட்டேன் என்று சொல்ல நினைத்தார். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ கொழகொழப்பு. "குடிச்சிருக்கான் போல சுலைகா லாத்தா, கதவத் தொறக்காதீங்கோ" என்று எதிர்க் கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் இளங்குரல் சொன்னது. அவ்வளவுதான், முடிந்தது என்று சிவசைலம் நினைத்தார். குடிகாரன். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை, குடிகாரனாகச் சாகிறேன். ஆனால் பின்னாலிருந்த கதவு கொஞ்சம் முனகியது. யாரோ இடுக்கு வழியாக அவரைப் பார்க்கிறார்கள் என்று பிடரியில் தெரிந்தது, தலை தானாக அந்தப் பக்கம் திரும்பிச் சாய்ந்தது. "குடிகாரன் இல்லடி. நெத்தியில துண்ணூறு இருக்கு, அது வேர்வையில கரைஞ்சு வழியுது. கையப் பாரு எப்படி நடுங்குதுன்னு. எங்க வாப்பாவுக்கு இப்படித்தான் வரும்." பிறகு அவரிடம், சத்தமாக, செவிடனிடம் பேசுவதுபோல: "உங்களுக்குச் சீனி வியாதி உண்டா? தலையை மட்டும் ஆட்டுங்கோ." ஆட்டினார். "ஊசியா?" ஆட்டினார். "பசியாறலையா?" அதற்கு எப்படி ஆட்டுவது, பாதி பசியாறினேன் என்று? தலை தொங்கியது. உள்ளே காலடி ஓடியது, டப்பா திறந்தது, டம்ளரில் ஸ்பூன் கலகலவென்று சுற்றியது. எதிர்க் கதவுக்காரி இப்போது கட்சி மாறிவிட்டாள்: "தம்மடை ஒரு துண்டு வெட்டித் தரட்டுமா லாத்தா?" "அதுல முட்டை கெடக்குடி. துண்ணூறு பூசினவங்கோ, தின்பாங்களோ மாட்டாங்களோ, நெனவில்லாத நேரத்துல நாம கொடுத்துரக் கூடாது. பேரீத்தம்பழம் வச்சிருக்கேன்."

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வந்தது. டம்ளரைப் படியில் வைக்கவில்லை, இவர் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தானே பிடித்தபடி வாய்மட்டத்துக்கு நீட்டியது. "மெல்லக் குடிங்கோ, பொரையேறிரும்." சீனித் தண்ணி. இனிப்பு என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் இத்தனை வருஷம்? கல்யாணவீட்டு ஜாங்கிரி எல்லாம் இனிப்பா? இதுதான். தொண்டையில் இறங்கி, நெஞ்சில் இறங்கி, எங்கோ போய் விளக்கைப் போட்டது. கை உள்ளே போயிற்று, பழத்தோடு திரும்ப வந்தது. கொட்டை எடுத்த பழம். கொட்டையை எடுக்கவும் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. முட்டை விஷயத்தை நினைத்துக்கொண்டார். உயிர் போகிற நேரத்தில் முட்டை என்ன, கருவாட்டைக் கொடுத்திருந்தாலும் விழுங்கியிருப்பார். அப்புறம் தெரியவே போவதில்லை. ஆனால் அவள் பார்த்தாள். செத்துக்கொண்டிருக்கிறவனுக்கும் ஒரு நெற்றி இருக்கிறது என்று பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது, கைமட்டும்தான் தெரிந்தது. நகத்தில் மங்கிப்போன மருதாணி, மெல்லிய ஒற்றை வளையல், மணிக்கட்டுக்கு மேலே பழைய சூட்டுத் தழும்பு. இட்லிக் கொப்பரை ஆவியோ, எண்ணெய்ச் சட்டியோ. கோடி கும்பிடு போடலாம் அந்தத் தழும்புக்கு. வடிவு கையிலும் ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. உண்டா? உண்டு. வலக்கையா, இடக்கையா? காலைக் காப்பி அந்தக் கையால்தான் வருகிறது, ஊசிக்கு முன்னால் பஞ்சைத் தொட்டு வைப்பது அந்தக் கைதான். எந்தப் பக்கம்? யோசித்தார், வரவில்லை. பேப்பருக்கு மேலே ஒரு கை நீளும், டம்ளரை வாங்கிக்கொள்வார், பேப்பரைப் படிப்பார். இங்கே முகம் தெரியாததற்கு ஒரு கதவு காரணம். அங்கே கதவே கிடையாதே. கண்ணில் தண்ணீர் வந்தது. வேர்வை என்று யாரும் நினைத்துக்கொள்ளட்டும். அழுகையில்லை, நன்றிதான். நன்றி இப்படி வயிறு குளிர, உடம்போடு வரும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கூடாது. கையெடுத்துக் கும்பிட்டார், மூடிக்கொண்டிருந்த கதவைப் பார்த்து.

சட்டைப்பையில் போன் அடித்தது. வடிவு. அவள் பெயரைப் பார்த்ததும் பந்தயம் ஞாபகத்துக்கு வந்தது, கூடவே கள்ளப் புத்தியும் வந்தது: எடுத்து, கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். இங்கே நடந்தது யாருக்குத் தெரியும்? நாக்கும் ஏறக்குறையத் திரும்பிவிட்டது. எடுத்தார். "வடி" என்றதோடு நாக்கு மறுபடி மடங்கிக்கொண்டது. "என்னங்க? என்ன பேச்சு ஒரு மாதிரியா இருக்கு? எங்க இருக்கிய?" கதவு மறுபடி ஒரு சாண் திறந்து, கை வெறுமனே விரிந்து நின்றது. போனைக் கேட்கிற கை. அந்தக் கை கொடுத்த தண்ணீரைக் குடித்த பிறகு அதனிடம் எதை மறைப்பது? கொடுத்தார். "அஸ்ஸலாமு, ஆங், வணக்கம் அம்மா. உங்க ஊட்டுக்காரங்கோ எங்க வாசப்படியிலதான் இருக்காங்கோ. சீனி எறங்கிப் போச்சு. இப்பம் முகம் தெளிஞ்சிட்டு, பயப்படாதீங்கோ." ஒரே மூச்சில் பந்தயம் போய்விட்டது. வடிவு அலறுவாள் என்று காத்திருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்ததோ, முடுக்கு அவ்வளவு அமைதியாக இருந்ததோ, அவள் குரல் தெளிவாகக் கேட்டது: "வேர்வை நின்னுட்டாம்மா? இன்னும் ரெண்டு பழம் குடுங்க, வேண்டாம்பாங்க, கேக்காதிய." இந்த வியாதியோடு கூடவே இருந்தவள்தானே, எதை முதலில் கேட்க வேண்டும் என்று தெரிந்தவள்தானே. "அவுக தோள்பையில முன்பக்க ஜிப்புக்குள்ள கடலை மிட்டாய் வச்சிருக்கேன். சொன்னா எடுத்து வெளிய வச்சுருவாகன்னு சொல்லாம வச்சேன்." சிவசைலம் தடவிப் பார்த்தார். இருந்தது. இத்தனை நேரமும் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் சுலைகா லாத்தா சிரித்துவிட்டாள். "எங்க ஊட்லயும் இதே கதைதான் அம்மா. கப்பல்ல பாதி ஒலகம் சுத்தினவங்கோ, சொந்தப் பையில என்ன கெடக்குன்னு தெரியாது." வடிவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு! வெண்டைக்காய்க்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை. வீட்டில் இத்தனை நாளாக அது இல்லை என்பதே இப்போதுதான் தெரிந்தது. அவரைக் காவல் காக்கிறாள் என்று நினைத்தாரே, அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பொம்பளைகளும், ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாமல், அவருடைய இட்லிக் கணக்கையும் ஊசிக் கணக்கையும் அவருடைய பொய்களையும் சாவகாசமாகப் பேசினார்கள். நடுவில் அவர் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு சுகத்தைக் கடவுள் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல அவர் யார்?

போன் கதவிடுக்கு வழியாகத் திரும்பி வந்தது. "எழும்பி நிக்க முடியுதா? பைய நில்லுங்கோ" என்று குரல் சொன்னது. நின்றார். சுவர் சுவராக இருந்தது, கதவு கதவாக இருந்தது. தன் தெருவின் பெயரும் வந்துவிட்டது, அதையும் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். "தெரியாம வந்ததுக்கு என்ன மன்னிப்பு. எங்க படியா இருக்கப்போய் ஆச்சு, தெருவுல விழுந்திருந்தா?" என்றாள். அப்புறம் அந்தக் குரல் முடுக்கு முழுக்கக் கேட்கிறமாதிரி உயர்ந்தது: "எல்லாரும் உள்ளுக்குப் போங்கோ! ஆம்புளையாளு ஒருத்தவங்கோ வாராங்கோ, சொகமில்லாதவங்கோ, வழி விடுங்கோ!" மறுபடியும் கதவுகள் சாத்திக்கொள்ள ஆரம்பித்தன. போகும்போதும் அதே சத்தம்தான், வரும்போது அவரைக் கூனிக்குறுக வைத்த அதே படபடப்பு. ஆனால் இப்போது ஒவ்வொரு கதவும் அவருக்காகச் சாத்திக்கொண்டது. சமையலைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போனார்கள், ஒரு வழிதவறிய கிழவன் தலைநிமிர்ந்து நடந்து போகட்டும் என்று ஒரு தெருவே ஒதுங்கிக்கொண்டது. தலைநிமிர அவருக்கு மனசு வரவில்லை. குனிந்தபடி நடந்தார். சாத்திய கதவுகளுக்குப் பின்னாலிருந்து குரல்கள் கூடவே வந்தன. "படி ஒண்ணு ஒடைஞ்சிருக்கு, பாத்து." "எடது கைப்பக்கம் திரும்புங்கோ." "கொடி கட்டியிருக்கு, தலையில மாட்டிரும்." "இன்னும் கொஞ்சந்தான், தெரு வந்துட்டு." ஒரு குரல் முடிகிற இடத்தில் இன்னொரு குரல் அவரை வாங்கிக்கொண்டது. ஒரு முகமும் தெரியாது. இதில் எது தம்மடைக்காரி, எது ஈரத் தலைக்காரி என்றும் தெரியாது. எல்லாருக்குமாகச் சேர்த்து, "நல்லா இருக்கணும், நல்லா இருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தெருவுக்கு வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. தெருக்கோடியில் இரண்டு தென்னைக்கு நடுவே நீலமாக ஒரு கீற்று, கடல். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். இவ்வளவு நாள் ஆசைப்பட்ட கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கால் அந்தப் பக்கம் போகவில்லை, போனை எடுத்தது கை. வடிவு முதல் மணியிலேயே எடுத்தாள். "வெளிய வந்துட்டியளா?" "வந்துட்டேன்." "பந்தயத்துல தோத்தாச்சுல்லா?" என்று கேட்டாள், கேலிதான், ஆனால் அதற்கடியில் ஒரு நடுக்கம் இன்னும் மிச்சம் இருந்தது. "தோத்தாச்சு. நல்லாவே தோத்தாச்சு." "கடலப் பாத்தியளா?" "தெரியுது. அது எங்க போகப்போகுது." கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். "வடிவு, உங்கையில ஒரு சூட்டுத் தழும்பு உண்டுல்லா, எந்தக் கையில?" "இது என்ன கேள்வி, அதுவும் நடுத்தெருவுல நின்னுக்கிட்டு?" "சரி, சொல்லாத. வீட்டுக்கு வந்து நானே பாத்துக்கிடுதேன். இன்னொண்ணு சொல்லுதேன், கேளு. வார ஞாயித்துக்கெழமை நீயும் கெளம்பு. மூட்டுவலின்னா ஆட்டோ வைப்போம். அந்த முடுக்குக்குள்ள நீ போலாம், நான் போகக்கூடாது. நீ உள்ள போயி, அந்தம்மா கூட உக்காந்து பேசி, அவுக முகத்த நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. எம்புட்டு நேரம் ஆனாலும் சரி. நான் தெருவுல நிக்கேன்."